பிளாட்பாரத்தில் அக்காவின் உயரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்வது மரியாதை. இது ஒரு கதவிலிருந்து வந்தது. கதவின் உயரம் இருபத்தொன்றே முக்கால் மில்லிமீட்டர். திறந்து மூடலாம். கைப்பிடிகூட உண்டு, அது ஒரு குண்டூசியின் தலை. அந்தக் கதவு என் அக்கா வீட்டுப் பின்னறையில், ஒரு பெரிய மேசையின் மேல், ஒரு ரயில் நிலையத்தின் நடுவில் இருக்கிறது. நிலையத்தைச் செய்தவர் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான்.

குடும்பத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு கதையில் வந்த பெரியம்மாவை எங்கள் பெரியம்மா அடையாளம் கண்டுகொண்டு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. (அந்த இரண்டு வருஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இன்னொரு கதை எழுதினேன். அதற்குப் பிறகுதான் சத்தியம்.) அதனால் இதை வேறு யாருடைய கதையாகவோ எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: ‘ஓர் ஊரில் ஒரு சிற்பி இருந்தார். அவர் செதுக்கிய’

அத்தான் சிற்பி இல்லை. பல் செட் செய்பவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மற்றவர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘உலகத்தையே ஒரு மேசைக்குள் அடக்கிவிட ஆசைப்பட்ட மனிதனின்’

சுத்தப் பொய். அவர் ஆசைப்பட்டது ஒரு நிலையம், இரண்டு பிளாட்பாரம், முன்னால் ஒரு தெரு. உலகத்துக்கு மேசையில் இடமும் இல்லை.

மூன்றாவது: ‘ரயில் என்றாலே பிரிவு என்பார்கள், ஆனால்’

யார் என்பார்கள்? நான்தான். இதையும் அடித்துவிட்டு உண்மையையே எழுத உட்கார்ந்தேன். சத்தியம் போனால் போகட்டும்.

2

இந்தப் பொம்மை ரயில்காரர்களில் இரண்டு சாதி உண்டு. ஒரு கூட்டம் வீடு, மரம், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் கடையில் பெட்டியாக வாங்கி, உள்ளே இருக்கும் துண்டுகளை எண் பார்த்து ஒட்டும். அத்தான் அவர்களைப் ‘பொட்டலக்காரர்கள்’ என்பார். இன்னொரு கூட்டம் அட்டை, கம்பி, சாந்து, குப்பை என்று கையில் கிடைப்பதிலிருந்து எல்லாவற்றையும் தானே செய்யும். ரயில் மட்டும்தான் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் சொந்தக் கை. இரண்டாவது கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பொம்மை ரயில் சங்கத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அளவு எண்பத்தேழில் ஒன்று. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் மேசையில் ஓர் அடி. மரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கிக் கிளை பிரித்தார். இலைக்குப் பச்சை சாயம் ஏற்றிய ஸ்பாஞ்சை அக்காவின் மிக்சியில் போட்டு அரைத்தார். (அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத ஆரம்பித்தால் இது வேறு கதையாகிவிடும்.) தார் ரோடு என்பது உப்புத்தாள். மரத்தடி மண் என்பது வடிகட்டிக் காயவைத்த டீத்தூள். சுவர் முழுக்கப் பல் அச்சு எடுக்கும் சாந்து. கூரை ஓடு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. ஒவ்வொன்றும் பல் செட்டின் ஈறுக்குப் பயன்படுத்தும் இளஞ்சிவப்புப் பொருளில், மெழுகுக் கத்தியால் தனித்தனியாக வெட்டியது. வண்ணம் பூசும்வரை மூன்று வாரம் நிலையம் ஈறும் பல்லுமாக நின்றது.

“என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு. சீக்கிரம் பெயின்ட் அடிங்க,” என்றாள் அக்கா.

“ம்,” என்றார் அத்தான்.

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கதைகளில் இந்த மாதிரி ஆள் ஒருவர் வந்தால் அவர் சாதுவாக, ஞானியாக, கடைசியில் நம்மைக் கலங்கவைப்பவராக இருக்கவேண்டும் என்று ஒரு நியதி. அத்தான் அப்படி இல்லை. கல்லுளிமங்கன். நாம் பத்து வாக்கியம் பேசினால் ஒரு ‘ம்’ திரும்பி வரும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். சங்கத்தில் ஒருவர் ஆசையாகச் செய்த பாலத்தைப் பார்த்து, “இதுல எறும்பு போனாலே விழுந்துடும்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர். என் கதைகள் அத்தனையையும் படிப்பார். ரசிப்பதற்கு அல்ல, அளவு பார்ப்பதற்கு. ‘ஜன்னலிலிருந்து அவளுடைய கண்ணீரைக் கண்டான்’ என்று எழுதியிருந்தேன். ‘மூன்றாம் மாடி. தெரு முப்பதடி அகலம். தெரியாது,’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

[இவரை வாசகர்களுக்குப் பிடிக்கும்படி கொஞ்சம் மாற்றலாமா? ஒரு பூனை வளர்ப்பவராக? வேண்டாம். பூனை வந்தால் கூரை இருக்காது.]

3

இப்போது படத்துக்கு வருகிறேன். எல்லா வம்புக்கும் காரணம் அதுதான்.

அந்த நிலையம் இப்போது இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இடித்துவிட்டுக் கண்ணாடியில் ஒன்று கட்டிவிட்டார்கள். வரைபடம் எங்கேயும் கிடைக்கவில்லை. அத்தானிடம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அவரே எடுத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. நிலையத்துக் கடிகாரம் படத்தில் தெரிகிறது, பத்து ஐம்பத்திரண்டு. இவர்கள் வழக்கப்படி ஒரு நாளை, ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டால் மேசையில் எல்லாமே அந்த நேரத்தில் இருந்தபடிதான் இருக்கவேண்டும். அத்தான் அந்தப் பத்து ஐம்பத்திரண்டை எடுத்துக்கொண்டார்.

ஏன் அது என்றால், படத்தில் அக்கா இருக்கிறாள்.

கல்யாணமாகி எட்டாம் மாசம் அக்கா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. “சுவத்தோட பேசினாகூட எதிரொலி வரும். இவர்கிட்ட அதுவும் இல்லை,” என்றாள். ஆறு வாரம் எங்களோடு இருந்தாள். பிறகு, ‘வெள்ளிக்கிழமை வருகிறேன்’ என்று அத்தானுக்கு ஒரு கார்டு போட்டாள். அத்தான் பல் படம் எடுக்கும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வேலையிலிருந்து ஓடினார். அவசரத்தில் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒற்றைப் பின்னலோடு அக்கா நின்றாள். ஃபிலிமில் கடைசி ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்தார். பிறகு மேம்பாலம் ஏறி இறங்கி அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

“என் பொண்டாட்டி எங்கிட்டத் திரும்பி வந்த நிமிஷம்,” என்று சங்கத்தில் ஒருமுறை சொன்னாராம். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

படத்தை வைத்துக் கட்டடம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. படத்தில் உயரம் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். அதை அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போடலாம். செங்கல் சுவரானால் கல்லை எண்ணிவிடுவார்கள். இந்த நிலையம் முழுக்கப் பூச்சுச் சுவர். நின்றிருந்தது ஒரு சாமான் தள்ளுவண்டி. அதன் அளவு யாருக்கும் தெரியாது. அது அக்காவின் இடுப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டு வேறு நின்றது. ஆனால் அக்காவின் உயரம் அத்தானுக்குத் தெரியும். ஐந்தடி ஓர் அங்குலம். தள்ளுவண்டிச் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அக்காவின் உச்சந்தலை வரை ஐந்தடி ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டு கதவு, ஜன்னல், தூண், கூரை, நடைமேடை அத்தனையும் செய்தார். பதினாலு மாசம்.

அக்காவை அளந்து ஒரு ரயில் நிலையம் கட்டினார் என்று இதை அழகாகச் சொல்லலாம். சொல்லிவிட்டேன். இனி அழகு அவ்வளவுதான்.

4

நிலையம் முடிந்தது. கடையில் வாங்கிய ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார். ரயில் பெரிதாக இருந்தது.

அதிகமில்லை. பார்த்தவுடனே தெரியாது. ஆனால் பெட்டியின் படி நடைமேடையோடு சேராமல் உயரத்தில் நின்றது. அத்தான் நிலையத்தைச் சந்தேகப்படவில்லை. ரயில் செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: ‘உங்கள் பெட்டிகள் அளவில் பெரிதாக உள்ளன. கவனிக்கவும்.’ அவர்கள் மரியாதையாக வரைபடத்தோடு பதில் போட்டார்கள். ‘வரைபடத்திலும் அதே தவறு உள்ளது,’ என்று மறுபடி எழுதினார். மூன்று கடிதம் போனது. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. “ஒத்துக்கிட்டாங்க,” என்றார் அத்தான்.

சங்கத்தின் வருஷக் கண்காட்சிக்கு ஒரு மாசம் இருக்கும்போது புதிதாகச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரயில்வே பணிமனையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையங்களுக்குக் கதவு செய்ததால் சங்கத்தில் அவர் பெயரே கதவுக்காரர் ஆகிவிட்டது. அன்று நானும் அங்கே இருந்தேன். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூரையைப் பார்த்து, “அம்மாடி,” என்றார். பிறகு குனிந்து கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

“இது நிஜத்துல எவ்வளவு உயரம்னு வச்சீங்க?”

“ஆறடி ரெண்டரை அங்குலம்.”

“யார் சொன்னா?”

“படம் சொல்லுது.”

“படத்துக்கு யாருங்க சொன்னா? இந்த லைன்ல அத்தனை ஸ்டேஷனுக்கும் நாங்கதான் கதவு போட்டோம். முப்பத்தெட்டு வருஷம். எல்லாம் ஏழடி. தலையில மூட்டை வச்சுட்டு வர்றவன் குனியாம உள்ள போகணும். அதான் சட்டம். உங்க கதவுல நானே இடிச்சுக்குவேனே.”

கதவுக்காரர் டீ குடித்துவிட்டு, “மத்தபடி பிரமாதம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கதவு ஏழடி என்றால் நிலையம் முழுக்கச் சின்னதாகிவிட்டது. ரயில் சரி. அப்படியானால் அளவுகோல் தப்பு. படத்தில் நிற்கும் பெண்ணின் தலை தரையிலிருந்து ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் இருக்கிறது.

அக்கா அப்போதுதான் கோப்பைகளை எடுக்க உள்ளே வந்தாள். அத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“அஞ்சடி ஒன்பதா? யாருங்க அவ?” என்றாள் அக்கா.

“நீதான்.”

“நான் இல்லை.”

“உன் பின்னல். உன் பை.”

அக்கா பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். என் அக்காவின் முகத்தை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். அதில் ஏதோ ஒன்று மாறியது எனக்குத் தெரிந்தது. “நான்தான்,” என்றாள்.

“அப்ப எதுமேலயாவது ஏறி நின்னியா?”

“முப்பது வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம்?” அடுப்பை அணைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை.

5

மறுநாள் அத்தான் பரணிலிருந்து அக்காவின் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினார். படுக்கவைத்தார். பல் அளக்கும் இடுக்கியால் முடியாது என்பதால் டேப்பால் அளந்தார்.

“இருபது சென்டிமீட்டர்,” என்றார்.

எட்டு அங்குலம். ஐந்தடி ஒன்றோடு எட்டைக் கூட்டினால் ஐந்தடி ஒன்பது. படத்தில் பெட்டியும் காலும் தள்ளுவண்டிக்குப் பின்னால் மறைந்திருந்தன.

நான் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கிளம்பியிருக்கவேண்டும். கிளம்பவில்லை. எழுதுகிறவர்களிடம் இருக்கும் கெட்ட குணங்களில் அது முதலாவது.

“ஏம்மா,” என்றார் அத்தான், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. “அந்த டிக்கெட் ஜன்னல் ரொம்ப உசரம். குள்ளமானவங்க உள்ள இருக்கிறவர்கிட்டப் பேசணும்னா எதுமேலயாவது ஏறணும். ஆனா வந்து இறங்கினவ எதுக்கு டிக்கெட் ஜன்னலுக்குப் போகணும்?”

“தெரியல அத்தான்.”

“நிழலுக்கு ஒதுங்கியிருக்கான்னே இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன்.”

எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.*

* இதை நான் ஒன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்கவேண்டும். ஒப்புக்கொள்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டு, கதவைப் பற்றிப் பேசி நழுவிவிட்டேன். கதவிலிருந்து வந்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி இந்தத் ‘தெரியல அத்தான்’.

அன்றிலிருந்து பின்னறையில் அரம் தேய்க்கும் சத்தம் இல்லை. கண்காட்சிக்குத் தெருவை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு நிலையத்தின் மேல் ஒரு துணியைப் போட்டார். மேசைக்கு முன்னால் உட்காருவார், எழுந்து வருவார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். “உடம்புக்கு என்னங்க?” என்று அக்கா நாலு தடவை கேட்டால் ஒரு தடவை ‘ம்’ வந்தது. முன்னால் வந்த ‘ம்’முக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அதை எழுத்தில் காட்ட எனக்கு வரவில்லை. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

6

எனக்குத் தெரிந்தது இது. அந்த வெள்ளிக்கிழமை காலை அக்காவும் நானும் படுக்கும் அறையில் அவள் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். எனக்குப் பத்தொன்பது வயது.

“காலை வண்டில போயிட்டு மத்தியான வண்டில வந்துடுவேன். நேர்ல சொல்லிட்டு, மிச்சத் துணியெல்லாம் எடுத்துட்டு வரணும். கார்டுல எழுதறது நல்லா இருக்காது.”

“என்ன சொல்லப் போற?”

“இனிமே வரமாட்டேன்னு.”

டிரங்குப் பெட்டி காலியாக இருந்தது. தூக்கிப் பார்த்தேன். சாயங்காலம் அவள் பாயை விரித்துவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாரம் ஒரு கார்டு வந்தது: ‘இங்கேயே இருக்கிறேன். சௌக்கியம்.’ ஏன் என்று நான் கேட்கவில்லை. அறை முழுக்க எனக்கு என்று ஆகிவிட்டது. கேட்டு எதற்குக் கெடுத்துக்கொள்வது?

முப்பது வருஷம் கழித்து இப்போது கேட்டேன். அக்கா மிக்சி ஜாரின் அடியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்பாஞ்சைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கு டிக்கெட் எடுத்தியா?”

சுரண்டுவதை நிறுத்தவில்லை. “எடுத்தேன். இறங்கினதும் முதல் வேலையா எடுத்தேன். கையில டிக்கெட் இருந்தா மனசு மாறாதுன்னு.”

“அவர்கிட்டச் சொன்னியா?”

“எப்படிச் சொல்றது? ஸ்டேஷன்லேருந்து வீடு வரைக்கும் அவரே பேசிட்டு வந்தார். எட்டு மாசமாப் பேசாததெல்லாம். பல்லுக்குப் புதுசா ஒரு பிசின் வந்திருக்காம். டீ குடிச்சாக்கூட நிறம் மாறாதாம். அதையே சொல்லிட்டு வந்தார்.”

“அதைக் கேட்டு இருந்துட்டியா?”

“போடி பைத்தியம். பிசினுக்கா இருப்பாங்க? பன்னண்டு அம்பது வண்டி அன்னைக்கு ரத்து.”

“மறுநாள்?”

“எடுத்துட்டுப் போகணும்னு துணியெல்லாம் துவைச்சுப் போட்டிருந்தேன். காயல. ஈரத் துணியைப் பெட்டியில வைக்க முடியுமா?”

“அதுக்கும் மறுநாள்?”

“ஞாயித்துக்கிழமை ஏது வண்டி?”

“முப்பது வருஷம் ஆச்சு அக்கா.”

“ஆமா. அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை வந்துட்டே இருந்துச்சு.” ஜாரைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அவர்கிட்ட இதெல்லாம் சொல்லிவைக்காத. அவரைத் தேடித்தான் வந்தேன்னு நெனச்சுட்டிருக்கார். நெனச்சுட்டே இருக்கட்டும்.”

7

இங்கே கதை நின்றுவிட்டது. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அத்தான் கடையிலிருந்து ஓர் உயரமான பெண் பொம்மையை வாங்கி அக்காவின் இடத்தில் நிறுத்துகிறார். நிலையத்தோடு எல்லாம் சரியாகிவிடுகிறது. ‘அக்கா அந்தப் பொம்மையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு’

பொட்டலம் வாங்கும் அத்தானை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

(ஆ) அத்தான் கேட்கிறார், அக்கா சொல்கிறாள், இருவரும் அழுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள். நான்கு பக்கம் எழுதினேன். அவர்கள் கட்டிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்ததால் விளக்கை நிறுத்திவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

(இ) யாரும் எதுவும் கேட்கவில்லை. துணி நிலையத்தின் மேல் கிடக்கிறது. தூசி படிகிறது. பத்திரிகைகளில் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் நான் அந்த வீட்டுக்கு வாராவாரம் போகிறவள். பத்திரிகைக்காரர்கள் போகப்போவதில்லை.

அதனால் முடிவில்லாமலே ஒன்றிலிருந்து ஆறுவரை அச்சடித்து அத்தானிடம் கொடுத்தேன். ஆறாம் பகுதியை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பதாக இருந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆனால் அதை எடுத்தால் கதை நொண்டியது. தெரியாமல் குமைவதைவிடத் தெரிந்து குமைவது மேல் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். கொடுத்துவிட்டு வெளியே வந்ததும்தான் உறைத்தது. வண்டி ரத்தானதால்தான் உன் மனைவி உன்னோடு இருந்தாள் என்று ஒரு மனிதருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒன்றரை இடைவெளியில், சுத்தமாக டைப் செய்து.

8

மூன்றாம் நாள் பிரதி திரும்பி வந்தது. வழக்கம்போல் ஓரத்தில் பென்சில். அத்தானின் திருத்தங்களை அவர் எழுதியபடியே தருகிறேன். மேலே உள்ள பிழைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

பகுதி 2: ‘ஓடு 2,140 அல்ல. 2,164. பின்பக்கம் எண்ணவில்லை போலும்.’

பகுதி 2: ‘பாலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. விழுந்தது.’

பகுதி 4: ‘மூன்று கடிதம் அல்ல, நான்கு. நான்காவது மன்னிப்புக் கடிதம். நேற்று அனுப்பினேன்.’

பகுதி 5க்கு ஓரத்தில் ஒன்றும் இல்லை.

பகுதி 6இல் இடம் போதவில்லை. தாளின் பின்பக்கம் போயிருக்கிறார்:

‘12.50 வண்டி அன்று ரத்தாகவில்லை. நிலையத்தின் அன்றைய வண்டிப் பதிவேட்டின் நகல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நாளை எடுத்துச் செய்கிறவனுக்கு அது வேண்டும். 12.50க்கு வந்தது. 12.53க்குப் புறப்பட்டது. நான்கு பெட்டி. இடம் இருந்திருக்கும்.

‘துணி. அன்று நல்ல வெயில். படத்தில் தூணின் நிழலைப் பார்க்கவும். கொடியில் போட்டால் மூன்று மணி நேரம்.

‘ஞாயிற்றுக்கிழமை வண்டி உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

‘இந்தத் திருத்தங்களை அச்சில் கட்டாயம் சேர்க்கவும்.’

கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு. இரண்டாவது கோட்டில் பென்சில் முனை உடைந்து தாள் கிழிந்திருந்தது.

நான் அழுதேன். இதை அலங்கரிக்க விரும்பவில்லை. சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்னறையில் அத்தான் நிலையத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓடு ஓடாக. பழைய கூரையைக் குப்பையில் போடாமல் ஒரு பல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏழடிக்குத் திரும்பச் செய்யணும்,” என்றார். “இன்னொரு பதினாலு மாசம்.”

“அத்தான், இதை நீங்களே அக்காகிட்டச் சொல்லிடலாமே.”

கத்தி ஓட்டுக்கு அடியில் நின்றது. “எனக்குப் பேச வருமா?” என்றார். “நீ அச்சுல போடு. அவ படிப்பா.”

9

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எழுதுகிற வேலை குறையும். ஆனால் எல்லா வாசகரிடமும் விடமுடியாது. ஒருவரிடம்தான் விடமுடியும். மற்றவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இனி வருவது குடும்ப விஷயம்.

அக்கா, சத்தியத்தை மீறிவிட்டேன். சொல்லாதே என்றதையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

நீ வண்டி ரத்து என்றாய். அவர் வண்டி வந்தது என்கிறார். நீ துணி காயவில்லை என்றாய். அவர் நிழலை அளந்து காய்ந்தது என்கிறார். அவரைத் தேடித்தான் நீ வந்தாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றாயே, அது அந்தப் பெட்டியை அளந்த அன்றைக்கே போய்விட்டது. இப்போது அவருக்குத் தெரிந்தது வேறு. போகத்தான் வந்தாய், கையில் டிக்கெட் இருந்தது, வண்டியில் இடம் இருந்தது, நீ போகவில்லை. இந்த நாலையும் அவர் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்துவிட்டார். அவருக்குக் கிடைக்காத அளவு ஒன்றுதான், அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நீ இதைப் படிக்கும்போது அவர் உள்ளேதான் இருப்பார். நீ படிக்கிறாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்றுகூடக் கணக்குப் போட்டிருப்பார்.

ஏன் போகவில்லை என்று என்னிடம் சொல்லாதே. சொன்னால் எழுதிவிடுவேன். அவரிடம் சொல்.